கசுன்யா பசுவோடு பேசும் காட்சி

வெக்ரவில், ஆல்பர்ட்டா
ஜனவரி 12, 1969

அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

இயேசுவுக்கு மகிமை. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் மாடும் கோழிகளும் உனக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் கிளம்பி வந்துவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை தெக்லா. நவம்பரில் உன் அத்தான் மண்டப வாசலில் தன் சிம்பாலி வாத்தியத்தை வண்டியிலிருந்து இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம் மட்டும்தான். குளிர்காலம் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நானும் போய்விடுவேன் என்று பயம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் என் கொழுந்தன் ஒரெஸ்ட் வந்து நின்றான்.

"அண்ணி, ஏப்ரல் வரைக்கும் ஊர் ஊரா ஷோ ஒத்துக்கிட்டாச்சு. வண்டி அண்ணனோடது, இப்ப உங்களோடது. எனக்கு லைசன்ஸ் கிடையாது. வால்டருக்கு ரோடு எது வயல் எதுன்னு தெரியாது. புதுசா சேர்த்த சிரில், பனியப் பார்த்தாலே ஜபமாலைய எடுக்கிறான். நீங்கதான் ஓட்டணும்."

கோதுமை லாரி ஓட்டிய கைக்கு இந்த வேன் பெரிதா என்ன. சரி என்றேன். உடனே ஒரு நிபந்தனை போட்டான்.

"ஷோ நடக்குறப்ப நீங்க உள்ள வரக்கூடாது அண்ணி. வீட்டு ஆளு உட்கார்ந்திருந்தா எங்களுக்கு வாய் கட்டிப்போகும். அண்ணனும் அப்படித்தான சொல்வாரு."

அது உண்மைதான். எத்தனை வருடம் இந்தப் பாட்டும் கூத்துமாகச் சுற்றினார். ஒரு தடவை கூட என்னைக் கூட்டிப் போனதில்லை. கனோராவில் ஆடவே மாட்டேன் என்பார். சொந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பார். எனக்கும் மாடு கறக்க ஆள் வேண்டுமே, அதனால் கேட்டுக்கொண்டதில்லை.

வண்டிப் பக்கவாட்டில் இன்னும் அவர் கையால் வரைந்த மூன்று பூசணிக்காய் படம் இருக்கிறது. பெண் கேட்டு வந்தவனைப் பிடிக்காவிட்டால் பூசணிக்காயைக் கையில் கொடுத்து அனுப்புவோமே, அப்படி மூன்று பேரும் பூசணிக்காய் வாங்கியவர்கள் என்று 'மூன்று பூசணிக்காய்' எனப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மூவரில் கல்யாணம் ஆனவர் உன் அத்தான் மட்டும்தான். இப்போது அவர் இடத்தில் அந்த சிரில் ஆடுகிறான். வின்னிபெக்கில் முடி வெட்டுகிறவன், நல்ல மாதிரி. சிம்பாலியை யாரும் தொடவில்லை. போர்வை சுற்றிப் பின்னால் கிடக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு தொடங்குவதற்குள் நம் ஆட்கள் இருக்கிற ஊர்களை முடித்துவிட்டு, நோன்புக் காலத்தில் மலைப்பக்கம் மரம் அறுக்கிற ஊர்களுக்குப் போகிறோம். நோன்பில் கூத்துப் போடுவது நம் பாதிரியார் காதுக்கு அவ்வளவு தூரம் எட்டாது என்கிறான் ஒரெஸ்ட். எந்தெந்த அஞ்சலகத்துக்கு எழுத வேண்டும் என்று அவனையே எழுதச் சொல்லி இதோடு வைத்திருக்கிறேன்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
ஹாஃபியா


கனோரா, சஸ்காட்செவன்
ஜனவரி 21, 1969

அன்பு அக்காவுக்கு,

என்றென்றும் மகிமை. எல்லோரும் நலம். முழங்கால் குளிர் போனால்தான் போகும். உன் மாட்டை எங்கள் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டோம். வயிறு இறங்கியிருக்கிறது, பிப்ரவரி கடைசியில் கன்று போடும் போலிருக்கிறது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன, அதற்கு நான் என்ன செய்ய.

ஒரு முக்கியமான விஷயம். யார்க்டனிலிருந்து கல்லறைக் கல் வெட்டுகிறவர் வந்திருந்தார். அத்தானுக்கு ஒற்றைக் கல்லா, ஜோடிக் கல்லா என்று கேட்கிறார். ஜோடி என்றால் உன் பெயரும் பிறந்த வருடமும் இப்போதே அத்தான் பெயருக்குப் பக்கத்தில் வெட்டிவிடலாமாம். இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டுவிடுவாராம். இங்கே எல்லா விதவைகளும் அப்படித்தான் செய்கிறார்கள். போன ஞாயிறு பார்த்தேன், ஹனுஷ்கா கிழவி பூசை முடிந்ததும் தன் பெயருக்கு மேல் விழுந்த பனியைத் தானே துடைத்துக்கொண்டிருந்தாள். நிலம் இளகியதும் கல்லை நட வேண்டும், அதற்குள் சொல்லச் சொன்னார். நீ ஜோடிதான் என்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் வாயால் வர வேண்டும்.

ஒரெஸ்ட் சொன்னபடி கேள். மண்டபத்துக்குள் போகாதே. சிகரெட் புகை உனக்கு ஆகாது.

தங்கை,
தெக்லா


லாக் லா பிஷ்
ஜனவரி 30, 1969

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்கு மகிமை. நான் சுகம். மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடு. பனிக்கட்டி போட்ட தண்ணீரைக் குடித்தால் அதற்கு வயிறு பிடித்துக்கொள்ளும்.

கல்காரரிடம் ஜோடிக் கல் என்று சொல்லிவிடு. இதில் கேட்க என்ன இருக்கிறது. அவரோடு கட்டில் ஏறிய நாளிலேயே அது முடிவானதுதானே. என் பெயரை வெட்டட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. போகிற ஊரிலெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேலியாக இல்லை, பிரியமாக. ஸ்மோக்கி லேக்கில் பெட்ரோல் போட்டவனிடம், "கண்ணாடிய தொடைக்காதப்பா, எதுக்க என்ன வருதுன்னு தெரிஞ்சா எனக்குக் கால் நடுங்கும்" என்றேன். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தான். நேற்று இந்த ஊர் மண்டபத்துச் சமையலறையில் குளிர்காய உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவருக்குக் கரண்டி எடுத்துக் கொடுத்தேன். நான் எப்போதும் போல ஏப்ரனில் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அங்கே பெரோகி வேகவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துவிட்டார்கள்.

"யம்மா, அப்படியே இருக்கே. யாரு சொல்லிக்குடுத்தா?"

"எது?"

"பாருடி, அந்த 'எது' கூட."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரெஸ்டைக் கேட்டேன். "ஆல்பர்ட்டாக்காரங்க அண்ணி, குளிர்ல மூளை உறைஞ்சுபோய்க் கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இருக்கலாம். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருந்தது. அவர் போனதிலிருந்து யாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. கறுப்புத் துணியைப் பார்த்துக் கண்ணைக் கீழே போட்டுக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் என் அன்பு.

ஹாஃபியா


கனோரா
பிப்ரவரி 8, 1969

அன்பு அக்காவுக்கு,

என்றென்றும் மகிமை. நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்தேன். கல்காரரிடம் ஜோடி என்று சொல்லிவிட்டேன், மார்ச்சில் எழுத்து வெட்டத் தொடங்குவார்.

சிரிக்கிறவர்களை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாதே. என்ன ஏது என்று கேட்டுக்கொண்டும் இருக்காதே. இவ்வளவு ஓட்டியது போதும் அக்கா. எட்மண்டனிலிருந்து பஸ் இருக்கிறது. மாடு கன்று போடும்போது நீ பக்கத்தில் இருந்தால் நல்லது. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வேறு ஓட்டுநரை ஒரெஸ்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

சமையலறையிலும் உட்காராதே. வண்டியிலேயே இரு.

தெக்லா


ஸ்ப்ரூஸ் கோலி
பிப்ரவரி 16, 1969

தெக்லா,

நேற்று இந்த ஊரில் என்ஜின் குளிரில் உறையாமல் சூடேற்ற மின்கம்பி செருகும் வசதி இருந்தது. அதனால் மணிக்கொரு தடவை வண்டியைக் கிளப்பி வைக்க வேண்டிய வேலை இல்லை. சமையலறைப் பெண்கள் போர்ஷ்ட் ஊற்ற ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். பரிமாறுகிற ஜன்னல் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. மேடை அதற்கு நேர் எதிரே.

என் குரல் கேட்டது.

நான் வாய் திறக்கவில்லை தெக்லா. என் குரல் மேடையிலிருந்து வந்தது. நான் டெலிபோனில் பேசுவது போல, கம்பி நீளம் என்பதால் கத்திப் பேசுவேனே, அந்தக் குரல். குனிந்து பார்த்தேன். சிரில் நின்றுகொண்டிருந்தான். நான் கட்டுவது போல இடது காதோரம் முடிச்சு வைத்த தலைத்துணி. எனக்கு வலது காது வலிக்கும், அதனால் இடது பக்கம் முடிவேன். அவனுக்கு எந்தக் காது வலிக்கிறது? இடுப்பில் என் பழுப்பு ஏப்ரன். கொடியிலிருந்து காணாமல் போனதே, கன்று தின்றுவிட்டது என்று கன்றை அடித்தேனே, அது.

உருளைக்கிழங்கை உரிக்கும்போது அதைத் திட்டினான். லாரியைக் கிளப்புவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டான். கரண்டியைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மேடையில் என் பெயர் கசுன்யா.

பக்கத்தில் நின்றவள் என் தோளை இடித்தாள்.

"நீங்க எத்தன தடவ பாத்திருக்கீங்க? கசுன்யா வந்தா எங்க வீட்டுக்காரரு பெஞ்சிலேர்ந்து விழுந்துருவாரு. ஆனா பழைய ஆளு மாதிரி இவனுக்கு வரல. பழைய ஆளு கசுன்யாவாவே இருப்பாரு. பாவம், செத்துட்டாராம்."

"அப்படியா" என்றேன். அதற்கும் சிரித்தாள். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேனாம்.

போர்ஷ்டை ஊற்றி முடித்தேன். ஒரு துளி சிந்தவில்லை. எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

நீ டாஃபினில் இருந்தபோது மூன்று பூசணிக்காய் அங்கே வந்தது. நீ பார்த்தாய். பாட்டு நன்றாக இருந்தது என்று எனக்கு எழுதினாய். பாட்டு.

உனக்குத் தெரியுமா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும். எட்சன் அஞ்சலகத்துக்கு எழுது.

கல்காரரை நிறுத்தி வைக்கச் சொல்.

ஹாஃபியா


ஹிண்டன்
பிப்ரவரி 27, 1969

தெக்லா,

எட்சனிலும் கடிதம் இல்லை. இங்கும் இல்லை. கனோராவில் பனி அவ்வளவு விழுந்துவிட்டதா?

இப்போது நான் மண்டபத்துக்குள் போகிறேன். ஒரெஸ்ட் தடுக்கவில்லை. பின்சுவர் ஓரமாக நின்று பார்க்கிறேன். நேற்று இங்கே காகித ஆலைக்காரர்கள் கூட்டம். நிகழ்ச்சி முடிந்து பாட்டுப் பாடப் போனபோது அவர்கள் காலால் தரையை உதைத்து, "பசு, பசு, பசுவக் கொண்டுவா" என்று கத்தினார்கள். நான் வந்ததிலிருந்து அந்தக் காட்சியை ஒரெஸ்ட் நிறுத்தி வைத்திருக்கிறான். ஏனென்று அவனுக்கே முழுசாகத் தெரியாது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆட்கள் விடவில்லை.

ஒரு பெரிய போர்வைக்குள் முன்காலாக வால்டர், பின்காலாக ஒரெஸ்ட். பக்கத்தில் துணிக் கன்று. கசுன்யா வாளியோடு பால் கறக்க வருகிறாள். சிரில் சட்டைக்குள் இரண்டு தலையணை வைத்திருந்தான். முக்காலி போட்டு உட்கார்ந்து, பசுவின் முகத்தைப் பார்த்து இப்படிச் சொன்னான்.

"என்னடி பாக்குற. உனக்கும் வருது, எனக்கும் வருது. உனக்குக் குடிக்க ஆளு இருக்கு. நான் எங்கடி கொண்டுபோய் ஊத்துறது?"

சொல்லிவிட்டுத் தலையணைகளை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். ஆண்கள் மேசையை அடித்தார்கள். ஒருவன் மூச்சு வாங்க முடியாமல் வெளியே ஓடினான்.

தெக்லா, என் கைக்குழந்தை நாஸ்தியாவை நாங்கள் புதைத்தது உனக்குத் தெரியும். நிலம் உறைந்து கிடந்தது, நெருப்பு மூட்டி இளக்கித்தான் அவர் குழி வெட்டினார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் கூட நான் சொன்னதில்லை. குழந்தை போனது என் உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டி, சட்டை நனைந்து, காய்ச்சல் வந்தது. அந்த வாரம் எங்கள் பசு லிஸ்கா கன்று போட்டிருந்தது. கறக்கப் போனவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதனிடம்தான் இதைச் சொன்னேன். இதே வார்த்தைகள். கொட்டகையில் நானும் மாடும்தான்.

அப்படித்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரெஸ்டைப் பிடித்தேன்.

"இத யாரு எழுதினது?"

"எல்லாமே அண்ணன்தான் அண்ணி."

"எப்ப?"

"மொத மொத மேடை ஏறினப்பவே இது இருந்துச்சு. பசு இல்லாம ஷோ இல்ல."

"அவருக்கு இது எங்க கெடச்சதுன்னு நீ கேக்கலியா?"

"சிரிப்பா இருந்துச்சு. அதுக்கு மேல எதுக்குக் கேக்கணும்? வீட்டுப் பொம்பளை முன்னாடி பச்சையா இருக்கேன்னுதான் நீங்க வந்ததும் நிறுத்தினேன். அண்ணி, ஏன் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அவனிடம் நான் சொல்லவில்லை.

கொட்டகைக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார் தெக்லா. எல்லாம் கேட்டிருக்கிறார். உள்ளே வரவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் உப்பு எங்கே என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷனுக்கு மனசில் ஒன்றும் இல்லை, பெண் குழந்தைதானே என்று இருந்துவிட்டார் என்று நினைத்தே நான் அவரோடு வாழ்ந்து முடித்தேன். இப்போது பார்த்தால், எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். என் பாலை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊற்றிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

அந்த ஆளுக்குப் பக்கத்தில் நான் படுக்க மாட்டேன். ஒற்றைக் கல். என் பெயர் அதில் கூடாது.

ஹாஃபியா


மெக்பிரைட், பிரிட்டிஷ் கொலம்பியா
மார்ச் 7, 1969

மரியாதைக்குரிய தெக்லா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பமும் நலம் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

அண்ணி பேசுவதில்லை. மலைப்பாதையில் இவ்வளவு பனியில் வண்டியை ஒரு பக்கம் கூடச் சறுக்க விடாமல் ஓட்டுகிறார்கள். ஊர் வந்ததும் முதல் வேலையாக அஞ்சலகத்துக்குள் போகிறார்கள். வெறுங்கையோடு வந்து வண்டியைக் கிளப்புகிறார்கள். அவ்வளவுதான். சாயங்காலம் பின்சுவரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரிலைப் பார்க்கிறார்கள். சிரிலுக்குக் குரல் போய்விட்டது. "ஒரெஸ்ட், நான் முடி வெட்டுறவன், யாரு யார மாதிரி இருக்காங்கன்னு எனக்கா தெரியாது? இந்தம்மா தலைத்துணி கட்டுறதப் பாத்துட்டேன். அவங்க எதுக்க அவங்களாவே நிக்க என்னால முடியல" என்றான். முந்தாநாள் ஏப்ரனை மடித்து அண்ணி கையில் கொடுத்து, கையை முத்தமிட்டு, ரயிலேறிப் போய்விட்டான்.

கசுன்யா அண்ணிதான் என்று எங்களுக்குத் தெரியும். அதை உங்களிடம் மறைக்கவில்லை. அண்ணிக்கும் தெரிந்திருக்கும், வெளியே சொல்லாமல் ரசிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஆனால் இது அதற்கும் மேல் ஏதோ. பசுக் காட்சிக்குப் பிறகுதான் இப்படி. நாங்கள் என்ன செய்தோம்? உங்களிடம் சொல்லியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அண்ணிக்கு எழுதுங்கள். அடுத்து வேண்டர்ஹூஃப்.

தங்கள்,
ஒரெஸ்ட்


கனோரா
மார்ச் 15, 1969

அக்கா,

பனி விழவில்லை. சாலை திறந்துதான் இருந்தது. நான்தான் எழுதவில்லை.

ஆமாம். தெரியும். டாஃபினில் பார்த்தேன். கசுன்யா மேடைக்கு வந்து கரண்டியைத் துடைத்ததும் எனக்கு நீதான் என்று தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பசுவுக்கும் சிரித்தேன். அது என்ன என்று எனக்கு எப்படித் தெரியும் அக்கா? பச்சையான வேடிக்கை என்று நினைத்தேன். உன் ஹிண்டன் கடிதத்தைப் படித்த அன்றுதான் உன் மாடு கன்று போட்டது. கொட்டகைக்குப் போக என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் கறக்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். டாஃபினில் நிகழ்ச்சி முடிந்து அத்தானைப் பின்வாசலில் பார்த்தேன். முகத்தில் பவுடர் அப்படியே இருந்தது.

"அக்காகிட்ட சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுவேனா? அக்கா உங்கள வீட்ட விட்டே துரத்திடும்" என்றேன்.

"சொல்லு தெக்லா. யாராச்சும் அவகிட்ட சொன்னா நல்லது."

எப்போதும் விளையாட்டாகப் பேசுகிறவர்தானே. அதையும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அவர் சிரிக்கவில்லை. பவுடர் போட்ட முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் மேல் கோபப்படு. ஆனால் அந்த மண்டபங்களில் உன்னை எவ்வளவு பேருக்குப் பிடித்தது என்றும் பார். என்னை அப்படி நினைத்துக்கொள்ள ஒருவர் கூட இல்லை.

கல்காரர் மறுபடி கேட்டார். அக்கா ஊரில் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒற்றைக் கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல்.

தெக்லா


வேண்டர்ஹூஃப்
மார்ச் 24, 1969

தெக்லா,

உன் கடிதம் கிடைத்தது. அஞ்சலக வாசலில் நின்றே படித்தேன். கையுறை போடாமல் நின்றிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

சொல்லச் சொன்னாராம். ஏன், அவருக்கு வாய் இல்லையா? ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே கட்டிலில் படுத்தவர், டாஃபின் பின்வாசலில் உன்னிடம் சொல்லி அனுப்புகிறாராம். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

சிரில் போனதிலிருந்து வெறும் பாட்டுத்தான். ஆட்கள் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுச் சீக்கிரம் எழுந்து போகிறார்கள். நேற்று வண்டியில் வால்டர் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான். நாள் கணக்கில் வாய் திறக்காத ஆள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"பசுக் காட்சி முடிஞ்சதும் நான் அக்கார்டியன்ல ஒரு போல்கா மெட்டு வாசிப்பேன். அண்ணன் அப்படியே பக்கத்துக் கதவு வழியா வெளிய போயிடுவாரு. போல்கா முடியறவரைக்கும் வெளியவே நிப்பாரு. கோட்டு கூட போட மாட்டாரு. சிரில் அதச் செய்யல, அது ஷோவுல சேர்ந்ததுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. ஷோவுல சேர்ந்ததா என்னன்னு எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"நீ போய்ப் பாத்திருக்கலாமே."

"நான் வாசிச்சிட்டு இருப்பேனே அண்ணி."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். நெருப்பில் இளக்கிய மண்ணைப் போல எனக்குள் மேலே மட்டும்தான் ஈரம், அடியில் இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது. கல்காரருக்குப் பதில் சொல்லாதே. கடைசி ஊர் ஸ்மிதர்ஸ். அங்கே மண்டபம் நிறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள், பசுவைப் பார்க்கத்தான் வருகிறார்களாம்.

ஹாஃபியா


ஸ்மிதர்ஸ்
ஏப்ரல் 3, 1969

அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

இயேசுவுக்கு மகிமை. உடம்பு பரவாயில்லை. மாடும் கன்றும் எப்படி இருக்கின்றன? உன் முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவு.

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பாட்டுகள் முடிந்ததும் கூட்டம் தரையை உதைக்கத் தொடங்கியது. பசு வேண்டும் என்றார்கள். கசுன்யா இல்லை என்று ஒரெஸ்ட் சொல்லிப் பார்த்தான். பசுவையாவது காட்டு என்றார்கள். வேறு வழியில்லாமல் அவனும் வால்டரும் போர்வைக்குள் போய் மேடையில் நின்றார்கள். கறக்க ஆளில்லாத பசு அங்கும் இங்கும் பார்த்தது. அதற்கே சிரித்தார்கள்.

நான் பையிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். தலையணை வைத்துக்கொள்ளவில்லை. என் மனசில் இருந்தது இதுதான். பசு முன்னால் நின்று, இது என் குழந்தை செத்த வாரம் நான் சொன்னது, இதற்குத்தான் இத்தனை வருடம் சிரித்தீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். அவர் முகம் தொங்கிப்போக வேண்டும், கல்லறையிலாவது.

போர்வைக்குள்ளிருந்து ஒரெஸ்ட், "அண்ணி, வேணாம்" என்றான்.

"சும்மா இருடா, பின்காலு பேசக் கூடாது" என்றான் வால்டர்.

நான் நடந்தேன், அவ்வளவுதான். சிரித்தார்கள். எப்போதும் போல முக்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். சிரித்தார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, நன்றாகப் பழகியவள் என்று நினைத்தார்கள். பசுவின் முகத்தைப் பார்த்தேன். "என்னடி பாக்குற" என்று வந்துவிட்டது. சிரிப்பு எழுந்தது. அப்போது எனக்கு ஒன்று நடந்தது தெக்லா. அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அடங்கியதும் அடுத்ததைச் சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே கொண்டுபோய் ஊத்துறது என்று சொன்னபோது ஒரு பெஞ்சு சாய்ந்து விழுந்தது. இரண்டாவது வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தன் மார்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் பசுவிடம் பேசுவது போல அவளைப் பார்த்துச் சொன்னேன். "உன் கன்னுக்குப் பேரு வெச்சியா? எம் பொண்ணு பேரு நாஸ்தியா."

அதற்கும் சிரித்தார்கள்.

எனக்கு வலிக்கவில்லை. அதில்தான் நான் ஆடிப்போனேன். அவள் பெயரை நாலு பேர் கேட்க நான் சொன்னதே இல்லை. சொன்னேன், ஒரு மண்டபமே கேட்டது. அந்த நேரத்தில் பசுவின் முன்கால்கள் மடிந்தன. வால்டர் உள்ளே உட்கார்ந்துவிட்டான். பின்கால் தனியாக நின்றது. அன்றைக்கு அவர்கள் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். வால்டர் போர்வையை விட்டு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கார்டியனை எடுத்து அந்தப் போல்காவை வாசித்தான்.

நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனேன். அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒன்றும் இல்லை. பனி, வண்டி, ஒரு விளக்கு. பலகைச் சுவருக்கு உள்ளே ஆட்கள் இருக்கிற சத்தம். கதவில் கை வைத்தேன், திறக்க முடியவில்லை. பூட்டில்லாத கதவுதான். போல்கா முடியும்வரை நின்றேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை. அவரையும் யாரும் போய்த் தேடியதில்லை. நானும்தான்.

உடனே மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் கதவைத் திறக்கத் தெரியாத ஆள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் கோபம் இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

அக்டோபரில் கனோரா மண்டபத்தைக் கேட்டு வைக்கும்படி ஒரெஸ்டிடம் சொல்லிவிட்டேன். நீ முன்வரிசையில் உட்கார். சிரிப்பு வந்தால் சிரி. வாயைப் பொத்தாதே.

கல்காரரிடம் இப்படிச் சொல். ஜோடிக் கல்தான். இடது பாதியில் அவர் பெயர். நாஸ்தியாவின் பெயரைக் கீழே நடுவில் வெட்டட்டும். வலது பாதியை வழவழப்பாகத் தேய்த்து வெறுமையாக விடட்டும். என் பெயரை இப்போது வெட்ட வேண்டாம். என்றைக்கு வெட்டச் சொல்வது என்று எனக்குத் தெரியும்போது நானே சொல்கிறேன். அதுவரை அவர் காத்திருக்கட்டும். அவருக்கு நின்று பழக்கம்தான்.

ஈஸ்டருக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவேன். கன்றை நான் பார்க்கும்வரை பெயர் வைக்காதே.

உன் அக்கா,
ஹாஃபியா